முதுகு வலிக்கு எது சரி: ஓய்வா, நடையா, யோகாவா, பிசியோதெரபியா?

காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளிக்கக் குனிந்தேன். அவ்வளவுதான். இடுப்புக்குச் சற்று மேலே, வலப்பக்கம், கொக்கி போட்டு இழுத்த மாதிரி ஒரு பிடிப்பு. வாஷ்பேசினின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயில் தண்ணீரோடு, நிமிரவும் முடியாமல் குனியவும் முடியாமல் நின்றேன். மூட்டை தூக்கவில்லை, வழுக்கி விழவில்லை. வெறுமனே குனிந்ததற்கே இப்படி.

அன்று மாலைக்குள் ஐந்து பேர் ஐந்து வழி சொன்னார்கள். ஒரு வாரம் அசையாமல் படு. பெல்ட் போட்டுக்கொள். யோகா வகுப்பில் சேர். முதலில் ஸ்கேன் எடு. நேராக பிசியோதெரபிக்குப் போ. எல்லோரும் அக்கறையோடுதான் சொன்னார்கள், ஆனால் ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதற்கு நேர் எதிர். அதற்குப் பிறகு வலி இரண்டு முறை திரும்பி வந்தது. இந்த வழிகளில் பெரும்பாலானவற்றை நானே செய்து பார்த்தேன், ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் தேடிப் படித்தேன். இப்போது எந்த வழியை யார் சொன்னாலும் ஒரு கேள்வி கேட்டுத்தான் அதை எடைபோடுகிறேன்: வலி போய் ஆறு மாதம் ஆன பிறகும் இதைச் செய்துகொண்டிருப்பேனா?

இந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. சாதாரண கீழ்முதுகு வலியில் பெரும்பகுதி, என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், சில வாரங்களில் தணிந்துவிடும். அதனால் அந்த நேரத்தில் எதைச் செய்தோமோ அதுதான் குணமாக்கியது என்று நம்பிவிடுகிறோம். உண்மையான தொல்லை அது திரும்பி வருவது. ஒருமுறை வந்து போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஓராண்டுக்குள் மறுபடி வருகிறது. ஆக, இந்த வாரத்து வலியை எது குறைக்கும் என்பது ஒரு கேள்வி, அடுத்த முறை வராமல் எது தடுக்கும் என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில் இல்லை.

ஒப்பிடுவதற்கு முன்

சில வலிகளுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தன்னை அறியாமல் போய்விடுவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது: இவை முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறிகள். இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே, அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தாமதித்தால் போன உணர்ச்சி திரும்பாமலே போகலாம். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, கீழே விழுந்த பிறகு வந்த வலி, நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவருக்கு வந்த வலி, நடக்கும்போது பாதம் தரையில் இழுபடுவது ஆகியவற்றையும் மருத்துவர்தான் முதலில் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லையா? சரி, இனி ஒப்பிடலாம்.

படுத்திருப்பதா, நடமாடுவதா

பின்லாந்தின் ஹெல்சின்கி மாநகர ஊழியர்கள் 186 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 1995-இல் வெளியாயின. திடீரென முதுகு பிடித்துக்கொண்டவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 2 நாள் முழுப் படுக்கை ஓய்வு, இன்னொன்றுக்கு முதுகை வளைக்கும் பயிற்சிகள், மூன்றாவது பிரிவிடம் முடிந்த அளவு வழக்கமான வேலைகளைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். மிகச் சீக்கிரம் தேறியது மூன்றாவது பிரிவு. மிகத் தாமதமாகத் தேறியது படுத்திருந்தவர்கள், அதுவும் வெறும் 2 நாள் படுத்தவர்கள்! ஒரு வாரம் படுக்கச் சொல்லும் அறிவுரையை இனி கேட்டால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பிடிப்பு உச்சத்தில் இருக்கும் அந்த நாட்களில் பயிற்சிகூட சும்மா நடமாடுவதை மிஞ்சவில்லை. பயிற்சிக்கு உரிய நேரம் அப்புறம்தான் வருகிறது.

அதற்காக வலியைக் கடித்துக்கொண்டு ஓட வேண்டும் என்பதில்லை. அரை மணி படுப்பது, எழுந்து பத்து நிமிடம் வீட்டுக்குள் நடப்பது, வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது என்று நாளை நகர்த்தலாம். படுக்கையிலிருந்து எழும் விதம் மட்டும் முக்கியம். மல்லாந்த நிலையிலிருந்து அப்படியே தலையைத் தூக்கி எழாதீர்கள். முழங்கால்களை மடக்குங்கள், தோளும் இடுப்பும் ஒரே சமயத்தில் திரும்பும்படி ஒருக்களியுங்கள், கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழுங்கள். இறங்கும் கால்களின் எடையே மேலுடம்பைத் தூக்கிவிடும். முதல் முறை இப்படி எழுந்தபோது, அதுவரை மூன்று நாளாக எழும்போதெல்லாம் அலறிக்கொண்டிருந்தது எவ்வளவு தேவையற்றது என்று புரிந்தது.

காலையில் வலி கூடுதலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல மொத்தம் 23 டிஸ்குகள் இருக்கின்றன. பகலில் உடம்பின் எடை அழுத்துவதால் அவற்றிலிருந்து நீர் கசிந்து வெளியேறும், இரவில் படுத்திருக்கும்போது மறுபடி நீரை உறிஞ்சி உப்பும். ஜெர்மனியில் வில்கே என்ற ஆய்வாளரின் குழு ஒரு தன்னார்வலரின் கீழ்முதுகு டிஸ்கினுள்ளேயே அழுத்தமானியைச் செருகி அளந்தது. 1999-இல் வெளியான அந்த அளவீட்டின்படி படுத்த புதிதில் 0.1 மெகாபாஸ்கலாக இருந்த அழுத்தம், 7 மணி நேரத் தூக்கத்தில் 0.24 ஆக ஏறியிருந்தது. அப்படி உப்பியிருக்கும் டிஸ்கை எழுந்தவுடன் குனிந்து மடக்கினால் அது தாங்கும் சுமை அதிகம். என்னுடைய வாஷ்பேசின் பிடிப்பு காலை ஆறு மணிக்கு வந்தது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். இப்போதெல்லாம் எழுந்து ஒரு மணி நேரம் வரை முதுகை வளைத்துக் குனிவதில்லை. ஒரு கையை விளிம்பில் ஊன்றி, முழங்காலை லேசாக மடக்கித்தான் வாய் கொப்பளிக்கிறேன்.

நடை, யோகா, பிசியோதெரபி, எடைப் பயிற்சி

உச்சவலி தணிந்த பிறகுதான் உண்மையில் முடிவெடுக்க வேண்டிய கட்டம் வருகிறது.

நடைக்கு ஆதரவாக இப்போது நல்ல சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2024-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், கீழ்முதுகு வலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பாதிக்குப் பிசியோதெரபிஸ்ட்கள் ஆளுக்கேற்ற நடைத் திட்டமும் முதுகைப் பற்றிய விளக்கமும் கொடுத்தார்கள். படிப்படியாகக் கூட்டி, ஆறு மாதத்தில் வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் என்பது இலக்கு. மறு பாதிக்கு எதுவும் கொடுக்கவில்லை. வலி திரும்புவதற்கு எடுத்த நாட்கள், நடுப்புள்ளிக் கணக்கில் (அதாவது பாதிப் பேருக்கு வலி திரும்பிய நாள்), நடந்தவர்களுக்கு 208, நடக்காதவர்களுக்கு 112. எந்தக் கருவியும் வகுப்பும் இல்லாமல் வலியில்லாத காலம் ஏறக்குறைய இரு மடங்கு ஆகிறது.

என் ஆறு மாதக் கேள்விக்கும் நடைதான் எளிதில் ‘ஆம்’ என்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால் போதும். முதல் வாரம் எட்டு நிமிடம்தான் நடந்தேன், அதற்கு மேல் இடுப்பு இறுகியது. அடுத்த வாரம் பன்னிரண்டு. அரை மணியைத் தொட இரண்டரை மாதம் ஆனது.

ஆனால் எல்லோருக்கும் நடையைச் சொல்லிவிட முடியாது. வயதானவர்கள் சிலருக்கு, நரம்புகள் செல்லும் முதுகெலும்புக் கால்வாய் குறுகிப்போயிருக்கும். நூறு அடி நடந்ததும் இரு கால்களும் கனத்து, குடைச்சல் எடுக்கும். உட்கார்ந்தாலோ எதன் மீதாவது முன்னால் சாய்ந்தாலோ உடனே இதமாக இருக்கும். முன்னால் வளையும்போது அந்தக் கால்வாய் கொஞ்சம் விரிந்துகொடுப்பதுதான் காரணம். இவர்களை நிமிர்ந்து நட என்று துரத்துவது கொடுமை. இவர்களுக்கு நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் நல்ல தொடக்கம், ஏனென்றால் அதில் உடம்பு இயல்பாகவே முன்னால் சாய்ந்திருக்கும்.

யோகாவை நேசிப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். அமெரிக்காவில் நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 320 பேரிடம் யோகாவையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டார்கள். 2017-இல் வெளியான முடிவில், 12 வார யோகா வகுப்பு பிசியோதெரபிக்குக் குறைந்ததாக இல்லை. நல்ல செய்திதான். ஆனால் 2011-இல் வெளியான இன்னோர் ஆய்வில் 228 பேரிடம் யோகாவையும் சாதாரண நீட்சிப் பயிற்சியையும் ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே அளவுக்குத்தான் உதவின. இரண்டுமே, வெறும் கையேடு கொடுத்து அனுப்புவதைவிட மேல். அதாவது முதுகைப் பொறுத்தவரை யோகாவின் பலனில் பெரும்பங்கு உடம்பை முறையாக அசைத்து நீட்டுவதிலிருந்து வருகிறது என்று கொள்ளலாம். அமைதியான மூச்சும் குழுவாகச் செய்யும் உற்சாகமும் உங்களைத் தொடர வைக்கும் என்றால் யோகாவே உங்கள் வழி. ஒரு எச்சரிக்கை உண்டு. டிஸ்க் பிதுங்கிக் காலுக்கு வலி இறங்கும் சமயத்தில், உட்கார்ந்து கால் நீட்டிப் பாதத்தைத் தொடும் ஆசனமும் நின்று குனிந்து தரையைத் தொடும் ஆசனமும் வலியை அதிகமாக்கலாம். உங்கள் நிலைமையை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எல்லோரையும் ஒன்றாகக் குனியச் சொல்லும் வகுப்பானால், அந்த வகுப்பு வேண்டாம்.

பிசியோதெரபியின் பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொருவர் முதுகுக்கும் இதமான திசை வேறு. நியூசிலாந்தில் 1956-இல் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் வந்த ஒரு நோயாளி, தலைப்பக்கம் உயர்த்தியிருந்த மேசையில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்தபடி சில நிமிடம் கிடந்த அவருக்கு, வாரக்கணக்கில் இருந்த கால் வலி விலகியிருந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் மெக்கென்சி முறை. எந்தத் திசையில் அசைத்தால் காலில் இருக்கும் வலி மேலேறி முதுகின் நடுவுக்கு வந்து சேர்கிறதோ, அதுவே உங்கள் திசை. பிறகு அது முதுகில் கொஞ்சம் கூடினாலும் பயப்பட வேண்டாம், காலைவிட்டு வலி விலகுவது நல்ல அறிகுறி. சிலருக்கு அந்தத் திசை பின்னால் வளைவது. குறுகிய கால்வாய் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் நேர்மாறு. இதைத் தானாகக் கண்டுபிடிப்பது கடினம், தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொன்னால் இரண்டு மூன்று சந்திப்புகளில் தெளிவாகிவிடும்.

என் பிசியோதெரபிஸ்ட் செய்த ஒன்றை மறக்க முடியாது. கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றச் சொன்னார். என் இடுப்பின் மேல், முதுகு தட்டையாக இருக்கும் இடத்தில், கால்வாசித் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் தம்ளரை வைத்தார். இடது கையை முன்னே, வலது காலைப் பின்னே நீட்டச் சொன்னார். தம்ளர் அசையவில்லை. அடுத்து வலது கை, இடது கால். கால் தரையைவிட்டு எழும்பியதுமே தம்ளர் சாய்ந்து சட்டை நனைந்தது. “பார்த்தீர்களா, காலைத் தூக்க நீங்கள் முதுகைத் திருகுகிறீர்கள். நாள் முழுக்க, எத்தனை தடவை இப்படித் திருகுகிறீர்களோ” என்றார். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் எழுதியிருந்த எதையும்விட அந்த ஒரு நிமிடம் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. கனடாவின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் சொல்லும் மூன்று பயிற்சிகளில் இது ஒன்று. மற்ற இரண்டு, தலையையும் தோளையும் மட்டும் சற்றே தூக்கும் பாதி எழுச்சியும், ஒரு முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் உடம்பைத் தாங்குவதும். மூன்றும் சேர்ந்து பத்து நிமிடம்கூட ஆகாது.

பிசியோதெரபி என்ற பெயரில் மின்சாரத் தகடு, அல்ட்ராசவுண்ட், இழுவை என்று இயந்திரங்களுக்கு அடியிலேயே வாரக்கணக்கில் படுக்கவைத்து அனுப்பினால், அது வேறு சரக்கு. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த மூன்றையுமே வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. பயிற்சியும் விளக்கமும் பரிந்துரைப் பட்டியலில் இருக்கின்றன. நீங்கள் அசைய வேண்டிய சிகிச்சையைத் தேர்ந்தெடுங்கள்.

எடைப் பயிற்சியைப் பற்றிப் பலருக்குப் பயம். முறையாக, சிறிய எடையில் தொடங்கினால் முதுகுக்கு அது எதிரி இல்லை. எடையைவிட அது உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆபத்து. வில்கே குழுவின் அதே அளவீட்டில் 20 கிலோவை உடம்போடு ஒட்டிப் பிடித்தபோது டிஸ்கில் அழுத்தம் 1.1 மெகாபாஸ்கல், அதே 20 கிலோவை 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது 1.8. முதுகை வளைத்துத் தூக்கும்போது 2.3, முழங்காலை மடக்கித் தூக்கும்போது 1.7. சாதாரணமாக நிற்கும்போது 0.5 தான். அளந்தது ஒரே ஒருவரிடம், ஆகவே எண்களைத் துல்லியமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தூக்கும் பொருளை நெஞ்சோடு அணைத்துக்கொள் என்ற பாடம் குழந்தையைத் தூக்குவதற்கும் வாளியைத் தூக்குவதற்கும் பொருந்தும்.

பெல்ட், மெத்தை, மாத்திரை

இவற்றை அதிகம் பேச வேண்டியதில்லை. இடுப்பு பெல்ட்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல் வேண்டாம் என்கிறது. தவிர்க்க முடியாத ஒரு பயணத்துக்கு ஒருநாள் கட்டிக்கொள்வதை நான் தப்பு சொல்ல மாட்டேன், ஆனால் தினமும் பெல்ட்டோடு திரிய வேண்டாம்.

மெத்தையில் ஒரு பழைய நம்பிக்கை உடைய வேண்டும். முதுகு வலித்தால் கட்டாந்தரையிலோ பலகையிலோ படுக்கச் சொல்வார்கள். 2003-இல் லான்செட்டில் வந்த ஸ்பானிய ஆய்வில், 313 பேரில் நடுத்தர உறுதியுள்ள மெத்தையில் படுத்தவர்கள் கல் மாதிரி கடினமான மெத்தையில் படுத்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை வையுங்கள். அது போதும்.

வெறும் பாரசிட்டமால் திடீர் முதுகு வலியில் மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிடச் சீக்கிரம் குணமாக்கவில்லை என்று 2014-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரைகள் கொஞ்சம் உதவும், சில நாட்களுக்கு மட்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடவே கூடாது.

ஸ்கேனும் அறுவை சிகிச்சையும்

பயம் அதிகம் உள்ள இடம் இது. ‘எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கம்’ (கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க்) என்று அறிக்கையில் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015 ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது என்று. தலைமுடி நரைப்பதைப் போல டிஸ்கும் மூப்படைகிறது. அபாய அறிகுறி இல்லாதவர்கள், முதல் ஆறு வாரத்துக்குள் ஸ்கேன் எடுத்து அந்தப் பயத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

அறுவை சிகிச்சையா, காத்திருப்பதா என்ற கேள்வி முதுகோடு நிற்கும் வலிக்கு அநேகமாக எழுவதே இல்லை. டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தி, பிட்டத்திலிருந்து கால்வரை மின்சாரம் பாய்வது போல இறங்கும் சயாட்டிகாவுக்குத்தான் அது எழுகிறது. நெதர்லாந்தில் 6 முதல் 12 வாரமாகக் கடும் சயாட்டிகாவில் இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள், ஒரு பிரிவுக்கு உடனே அறுவை, மறு பிரிவுக்குக் காத்திருப்பு. 2007-இல் வெளியான முடிவு இது: அறுவை செய்துகொண்டவர்கள் நடுப்புள்ளிக் கணக்கில் 4 வாரத்தில் தேறினார்கள், காத்திருந்தவர்களுக்கு 12 வாரம் ஆனது. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பொறுக்க முடியாமல் இடையில் அறுவை செய்துகொண்டார்கள். ஓராண்டு முடிவில் இரண்டு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பிதுங்கிய பகுதியை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துச் சுருக்கிவிடுவது பலருக்கு நடக்கிறது.

இந்த எண்களை இரண்டு விதமாகவும் படிக்கலாம், இரண்டும் நியாயம். இரவு தூங்க முடியாமல், வேலைக்குப் போக முடியாமல் இருப்பவருக்கு அந்த எட்டு வார வித்தியாசம் மிகப் பெரியது. அவர் அறுவையைத் தேர்ந்தால் அவசரக்காரர் என்று யாரும் சொல்ல உரிமை இல்லை. வலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருப்பவர் காத்திருப்பதால் பெரிதாக எதையும் இழப்பதில்லை. பாதத்தின் வலு நாளுக்கு நாள் குறைந்தால் மட்டும் காத்திருப்பு என்ற தேர்வே இல்லை.

நான் என்ன சொல்வேன்

இன்று காலைதான் பிடித்துக்கொண்டது என்பவரிடம்: நடமாடுங்கள், ஒத்தடம் கொடுங்கள், முதல் சில நாட்கள் எந்த வகுப்பிலும் சேராதீர்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வந்து போகிறது என்பவரிடம்: நடையைத் தொடங்குங்கள், பிசியோதெரபிஸ்டை இரண்டு மூன்று முறை பார்த்து உங்கள் திசையையும் உங்களுக்கான இரண்டு மூன்று பயிற்சிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு அவற்றை வீட்டிலேயே செய்யுங்கள். தனியாக எதையும் தொடர முடியாதவர் என்று உங்களை நீங்களே அறிந்திருந்தால் நடைக்குப் பதில் யோகா வகுப்பு. அதில் ஒரு குறைவும் இல்லை. நடந்தால் கால் கனக்கும், சாய்ந்தால் இதமாகும் என்பவர் மருத்துவரைப் பார்த்துவிட்டு சைக்கிளில் தொடங்கலாம்.

நான் தேர்ந்தது நடையும் அந்தத் தம்ளர் பயிற்சியும். வாரத்தில் ஐந்து நாள் என்று திட்டம், நான்கு நாள்தான் நடக்கிறது. கடைசியாகப் பிடித்துப் பதினான்கு மாதம் ஆகிறது. தம்ளரில் இப்போது அரைவாசித் தண்ணீர் ஊற்றுகிறேன். இடது காலைத் தூக்கும்போது இன்னும் லேசாகச் சாய்கிறது.